சித்தி கொண்டுபோன தண்ணீர் பாட்டில்: பருவநிலைக் கருத்தரங்கு நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூழலியல், கடற்கரைப் பாதுகாப்பு, பருவநிலை மாற்றம் பற்றிப் பொதுமக்களுக்கென்று கருத்தரங்கு நடத்தும் பல்கலைக்கழகத்தார், அரசுத் துறையினர், தொண்டு நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

நான் வேதாரண்யம் வட்டாரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியாராக இருக்கிறேன். பிறந்ததும் அதே ஊர்தான். கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். உப்பளம், முல்லைத் தோட்டம், மாந்தோப்பு, மானாவாரி சம்பா, மீன்பிடி, இவைதான் ஊரின் பிழைப்பு. கஜா புயலுக்குப் பிறகு, உங்கள் கருத்தரங்குகள் எங்கே நடந்தாலும் முடிந்தவரை போய் உட்கார்ந்துவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாததைத் தெரிந்துகொண்டு பிள்ளைகளுக்குச் சொல்லலாமே என்ற ஆசை. நிறையக் கற்றுக்கொண்டும் இருக்கிறேன், அதை முதலிலேயே நன்றியோடு சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதை மனசார நடத்துகிறீர்கள் என்று நம்புவதால்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

போன வருஷம் ஒரு அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. கடலோர மக்களும் பருவநிலை மாற்றமும் என்பது போல ஒரு தலைப்பு. கீழே, 'பொதுமக்கள் அனைவரும் வருக, அனுமதி இலவசம்' என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் சித்தியிடம் காட்டினேன். அவருக்கு இரண்டு மா நிலத்தில் முல்லை (மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர்). தோட்டத்துத் தண்ணீர் நாலைந்து வருஷமாகக் கரித்துக்கொண்டே வருகிறது. "அங்க பெரிய படிப்பு படிச்சவங்கள்லாம் வருவாங்களா தம்பி?" என்று கேட்டார். வருவார்கள் என்றேன். "அப்ப நானும் வரேன்" என்றார்.

நிகழ்ச்சி புதன்கிழமை காலை 10 மணிக்கு. முல்லை மொட்டைப் பறித்து ஏவாரியிடம் கொடுக்க வேண்டிய நேரம் அது. சித்தி அன்றைக்குப் பறிப்பைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கூலிக்கு விட்டுவிட்டு வந்தார். இரண்டு பஸ் மாறிப் போனோம். அவர் மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் நிறைய, விடியற்காலையில் தன் தோட்டத்துக் குட்டையில் மொண்ட தண்ணீர். "வாயால சொன்னா நம்புவாங்களோ என்னவோ, நாக்குல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்ல" என்றார்.

குத்துவிளக்கு ஏற்றி, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து முதல் பேச்சு தொடங்கும்போது மணி பதினொன்றே முக்கால். பேச்சு ஆங்கிலத்தில். திரையில் வந்ததும் ஆங்கிலம். அடுத்தவர் தமிழில் ஆரம்பித்தார், ஆனால் இரண்டாவது நிமிஷத்திலேயே ஆங்கிலத்துக்குள் போய்விட்டார். சித்தி என் முழங்கையைத் தொட்டுத் தொட்டு, "என்ன தம்பி சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் காதோடு காதாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்வரிசைக்காரர் சத்தம் வருகிறது என்றார். அப்புறம் நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி நேரம் வந்தபோது சித்தி கையைத் தூக்கினார். மூன்றாவது ஆளாக அவர் எழுந்து நின்றபோது, சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, மீதிக் கேள்விகளைச் சாப்பிடும்போது நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று மேடையிலிருந்து அறிவிப்பு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பேச்சாளர்களுக்குத் தனி மேசை. கடைசி பஸ்ஸை விட்டால் ஊர் போய்ச் சேர முடியாது. நாங்கள் கிளம்பிவிட்டோம். அந்தப் பாட்டில் திறக்காமலே ஊருக்குத் திரும்பி வந்தது.

அவர் கேட்க நினைத்த கேள்வியைப் பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்: "நான் ராவும் பகலுமா மோட்டார் போட்டு உறிஞ்சுனதால கரிக்குதா, கஜாவுல கடல் ஏறுனதால கரிக்குதா, இல்ல அந்தாண்ட எறா குட்டை வெட்டுனதால கரிக்குதா? மூணுல எதுன்னு தெரிஞ்சாத்தான நான் என்ன செய்யணும்னு யோசிக்க முடியும்?"

அந்த நாள் முழுக்க அந்த அரங்கத்தில் பேசப்பட்ட எதையும்விட இது கூர்மையான கேள்வி. ஒரு ஆய்வு மாணவர் மூன்று வருஷம் உட்கார்ந்து விடை தேட வேண்டிய கேள்வி.

எனக்குத் தெரிந்த அறிவியலை வைத்து அன்றிரவு அவருக்குக் கொஞ்சம் விளக்கினேன். எங்கள் ஊர் மணல் மேடு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் கடல் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை கூடுதல். பாலின் மேல் ஏடு நிற்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்த கணக்கு. அதைத் திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. மேலே ஒரு அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். எங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்து மூலையில் ஆள் உயரத்துக்குக் குட்டை வெட்டி, குடத்தில் மொண்டு செடிக்குச் செடி ஊற்றினார்கள். ஏட்டை மெதுவாக வழித்து எடுத்த மாதிரி. மோட்டார் அப்படி எடுப்பதில்லை, ஆழத்தில் குழாயைவிட்டு ஒரே இடத்தில் இழுக்கிறது.

சித்தி கேட்ட மூன்று காரணங்களையும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. சித்திரை வைகாசியில் மோட்டார் அதிகம் ஓடும்போது உப்பு கூடி, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு நன்றாகக் குறைந்தால் ஒரு அர்த்தம். கஜா அடித்த 2018 நவம்பர் 16-க்குப் பிறகு திடீரென்று கரித்து, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தால் வேறு அர்த்தம். இறால் குட்டைக்குப் பக்கத்துக் கிணறுகள் அதிகமாகவும் தள்ளியிருப்பவை குறைவாகவும் கரித்தால் இன்னொரு அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க மாதாமாதம் அளந்து எழுதி வைத்த ஒரு நோட்டு வேண்டும். அந்த நோட்டு எங்கள் ஊரில் யாரிடமும் இல்லை. உங்கள் கருத்தரங்குகளில் எத்தனையோ வரைபடம் பார்த்திருக்கிறேன், எங்கள் கிணறு எதிலும் இருந்ததில்லை.

இறால் குட்டை என்று சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தொண்ணூறுகளில் எங்கள் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது, குடிதண்ணீர் கரிக்கிறது, வயல் பாழாகிறது என்று முதலில் சொன்னவர்கள் கூலி வேலை செய்த ஏழை மக்கள்தான். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அவர்களோடு நின்றார்கள். ஜெகந்நாதன் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று கொடுத்த தீர்ப்பு இந்தியக் கடலோரம் முழுவதற்குமான தீர்ப்பாக ஆனது. குடத்துத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தவர்கள் சொன்னதுதான் டெல்லி வரை போனது. சித்தியின் பாட்டிலை நீங்கள் திறந்து பார்த்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, மொழிக்கு வருகிறேன்.

பருவநிலை மாற்றம் பற்றி உலகம் முழுக்க விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதும் ஐபிசிசி அறிக்கையின் சுருக்கம் ஐக்கிய நாடுகள் சபையின் ஆறு மொழிகளில் வெளிவருகிறது. அந்த ஆறில் தமிழ் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு இங்கே வந்து பேசுபவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அவரும் அதே ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போனால் அறிக்கை எங்கள் ஊர் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தபோது, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த ஜூன் 30 அன்று உத்தரவிட்டது. மக்களிடம் கருத்துக் கேட்பதாக இருந்தால் மக்களுக்குப் புரியும் மொழியில் கேட்க வேண்டும். கருத்தரங்குக்கும் அதே நியாயம்தானே?

தமிழில் சொல்வது என்றால் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் மாற்றுவது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'தகவமைப்பு', 'மீள்திறன்', 'தணிப்பு' என்று அடுக்கினாலும் சித்திக்குப் புரியாது. எங்கள் ஊரில் 'தாக்குப்பிடிக்கிறது' என்பார்கள். 'இந்த ரகம் தண்ணி நின்னாலும் தாக்குப்பிடிக்கும்' என்பார்கள். அதுதான் தகவமைப்பு. நீங்கள் ஈரநிலம் என்று சொல்வதற்கு எங்களிடம் அளம், கழி, சதுப்பு, குட்டை, ஏரி, கடைமடை வடிகால் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருக்கிறது. நீங்கள் ஆலிவ் ரிட்லி என்று சொல்லும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். எப்போது கரைக்கு வரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. இந்தச் சொற்களை நீங்கள் எடுத்துக்கொண்டால் பாதி விளக்கம் மிச்சம்.

எண்களும் அப்படித்தான். கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று ரேடியோவிலும் டிவியிலும் தினமும் கேட்கிறோம். ஊரில் பலருக்கு மூன்றும் ஒன்றுதான், 'பெரிய மழையாம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை என்று வகுப்பில் எழுதிப்போட்டபோது பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு மா நிலத்தில் 20 செ.மீ. மழை என்றால் எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போடச் சொன்னேன். ஏறத்தாழ 2.7 லட்சம் லிட்டர் வந்தது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 22 வந்து ஒரே நாளில் அந்த மா நிலத்தில் கொட்டிய மாதிரி. ஒரு பையன் எழுந்து, "சார், எங்க வயக்காடு ஒம்போது மா" என்றான். பெருக்கிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் அவன் அப்பா என்னைத் தேடிவந்து, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே, அது எத்தனை லாரி வாத்தியாரே என்று கேட்டார். ஒரு மாவுக்கே நூற்றுக்கு மேல் என்று சொன்னேன். வடிகால் தூர்வாருவதைப் பற்றி அன்று இரண்டு மணி நேரம் டீக்கடையில் பேச்சு நடந்தது. அதுதான் நான் பார்த்ததிலேயே நல்ல கருத்தரங்கு.

கடல் மட்டமும் அதே மாதிரி. 1901-லிருந்து 2018-க்குள் உலகச் சராசரியாக 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு சாண். அவ்வளவுதானா என்று கேட்பார்கள். கேட்கட்டும். எங்கள் நிலம் எவ்வளவு தட்டை என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், கடைமடையில் தண்ணீர் வடியாமல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்த ஒரு சாண் எந்த வாய்க்காலில் எது வரைக்கும் ஏறும் என்று அவர்களே கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். ஆரம்பத்தில் வருஷத்துக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம் இப்போது 3.7 ஆகியிருக்கிறது என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

ஒரு வேடிக்கையான உண்மையும் உண்டு. வெண்ணாற்று வடிநிலத்தில் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் எல்லாவற்றிலும் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் கரையைப் பலப்படுத்தி, கடைமடை மதகுகளைப் புதுப்பித்தார்கள். அந்தத் திட்டத்தின் பெயரிலேயே பருவநிலைத் தகவமைப்பு என்று இருக்கிறது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் 'ஏடிபி வேலை'. பொக்லைன் வந்தது, கரை உயர்ந்தது, இவ்வளவுதான் தெரியும். கடல் தண்ணீர் உள்ளே ஏறாமல் தடுக்கத்தான் மதகு, அதை எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும் என்பதில் வயல்காரருக்கும் கழியில் மீன் பிடிப்பவருக்கும் வேறு வேறு தேவை இருக்கிறது, அதை உட்கார்ந்து பேச ஒரு மேடை வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பருவநிலை பற்றி நடந்த அத்தனை கருத்தரங்கிலும் நான் இந்த மதகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இடமும் நேரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தின் கதை போதும். புதுச்சேரிப் பக்கம் கடலோரக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-லிருந்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் வரும் என்ற தகவலை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொல்வார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள். நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் டிவியில் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் மையத்தின் பூட்டை உடைத்து, அதே ஒலிபெருக்கியில் எல்லோரும் ஓடுங்கள் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி சுனாமிக்காக வைத்ததில்லை. அது ஊருக்குள் இருந்தது, ஊர் மொழி பேசியது, எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான் அதன் ரகசியம்.

2017 நவம்பர் 30 இதற்கு நேர் எதிர். ஒக்கிப் புயல் உருவானபோது கன்னியாகுமரியின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள் தொலைவில் இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் இருந்தது, ஆட்கள் கடலில் இருந்தார்கள். எத்தனையோ குடும்பத்துக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தக் கரையில் போய்ப் புயல் அறிவியல் பேச வருபவர், முதலில் ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எனவே தயவுசெய்து காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். வலை பின்னிக்கொண்டு, படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் ஊரில்தான் இருப்பார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஒரு கருத்தரங்காவது மீன் ஏலக்கூடத்தில் நடந்து நான் பார்த்ததில்லை. மீன் விற்கும் பெண்களுக்குக் காலை வேளை வேண்டவே வேண்டாம், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள். சம்பா அறுவடை முடிந்து மாசியில் விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும், ஆனால் முல்லைக்காரருக்கு அப்போதுதான் பறிப்பு ஆரம்பிக்கும், அவருக்கும் பிற்பகல்தான் தோது. கிராம சபை வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு உங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு ஊராட்சிக்கு வந்து, நிலத்தடித் தண்ணீர் பற்றி அரை மணி நேரம் பேசினால், மேடையும் வேண்டாம், பந்தலும் வேண்டாம், ஆட்களைத் திரட்டவும் வேண்டாம். எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. பேசியது தீர்மான நோட்டிலும் ஏறும்.

அரங்கத்துக்கு வெளியே நடத்த முடியுமா என்று யோசிக்கிறீர்களா? சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து ராத்திரியில் கடற்கரையோரம் ஆமை தேடி நடக்கிறார்கள். ஜனவரியிலிருந்து வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். ஆமையைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாமல் வந்தவர், மணலில் தடம் எப்படி இருக்கும், முட்டைக் குழியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விடிவதற்குள் கற்றுக்கொண்டு போகிறார்.

இன்னும் பக்கத்தில், திருத்துறைப்பூண்டியை ஒட்டிய ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-ல் தொடங்கிய நெல் திருவிழா. நான் போயிருக்கிறேன். அங்கேயும் பேச்சு உண்டு, மேடை உண்டு. ஆனால் ஒவ்வொரு விவசாயி கையிலும் இரண்டு கிலோ விதைநெல்லைக் கொடுத்து அனுப்புவார்கள். வாங்கியவர் பயிர் செய்து அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வரும்போது என்ன நடந்தது என்பதையும் கொண்டு வருவார். பூச்சி வந்ததா, சாய்ந்ததா, உப்பு நிலத்தில் குழியடிச்சான் ரக நெல் நின்றதா என்று கொடுத்தவருக்குத் தெரிந்துவிடும். இப்படியே 174 பாரம்பரிய ரகங்களை மீட்டெடுத்தார் அந்த மனிதர். 2018 டிசம்பர் 6-ல், கஜா அடித்து மூன்று வாரம்கூட ஆகாத நேரத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். எங்கள் ஊரில் அப்போது பல வீட்டில் கரண்ட்கூட வரவில்லை. செய்தி கேட்டு அழுதவர்களை நான் பார்த்தேன்.

உங்களிடம் நான் கேட்பது இந்த இரண்டு கிலோ, நாலு கிலோ ஏற்பாட்டைத்தான். கருத்தரங்கு முடிந்ததும் சான்றிதழும் கோப்பும் பேனாவும் தருகிறீர்கள். அவற்றுக்குப் பதிலாகக் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்வியையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். மேடையில் பதில் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் தமிழில் பதில் எழுதி, அந்த ஊராட்சி அலுவலகத்துக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அனுப்பி வையுங்கள். அடுத்த வருஷம் அதே ஊருக்கு வாருங்கள். வேறு மாவட்டம், வேறு தலைப்பு என்று ஓடாமல், அதே ஊருக்கு. எங்கள் மண்ணில் எடுத்த தண்ணீர், மண், மீன் மாதிரிகளின் முடிவுகளை ஆங்கில ஆய்விதழுக்கு அனுப்பும் அன்றைக்கே எங்களுக்கும் ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். எங்கள் குட்டையில் தண்ணீர் மொண்டுகொண்டு போன பிள்ளைகள் பலரை நான் பார்த்திருக்கிறேன். அதில் என்ன இருந்தது என்று எழுதிச் சொன்னது ஒரே ஒரு பெண். ஆய்வு மாணவி, வடமாவட்டத்துக்காரர். ஒரு சாயங்காலம் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து, சித்தி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே விளக்கினார். அந்த டீ திரிந்துபோன டீ. கரிக்கிற தண்ணீரில் பால் ஊற்றினால் அப்படித்தான் ஆகும், பருப்பும் வேகாது. அவர் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "இதை என் ஆய்வில் எழுதலாமா அம்மா?" என்று கேட்டார். அந்தப் பெண்ணைப் பற்றிச் சித்தி இன்றைக்கும் பேசுகிறார்.

பேச்சாளர்கள் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரம் பற்றிய கருத்தரங்கில் மீனவர் ஒருவரைக் கூப்பிட்டு, கடைசியில் ஐந்து நிமிஷம் 'அனுபவப் பகிர்வு' என்று கொடுக்கிறீர்கள். வாடைக்காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் போனால் என்ன மீன் படும் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சரிபார்த்து வைத்த அறிவு. அதற்கு நாற்பது நிமிஷம் கொடுங்கள். கேள்வியும் கேளுங்கள். அவர் சொல்வதில் தப்பு இருந்தால் அதையும் மரியாதையோடு சொல்லுங்கள், அவரும் உங்களுக்குச் சொல்வார். போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இரண்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். விமானத்தில் வருபவருக்குச் செலவைக் கொடுக்கும் உங்களுக்கு இது பெரிய காரியம் இல்லை. சித்தி அன்றைக்குப் பூப்பறிக்கக் கூலி கொடுத்து, பஸ்ஸுக்கும் கொடுத்துத்தான் உங்கள் இலவச அனுமதிக்கு வந்தார்.

இனி எங்கள் பக்கத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டில் தண்ணீரை நான் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் முன்னால் கிண்ணத்தில் ஊற்றி ஸ்டவ்வில் வைத்து வற்ற வைத்தோம். அடியில் வெள்ளையாகப் படிந்தது. ஒரு பிள்ளை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பளத்து உப்பு மாதிரியே இருக்கு சார்" என்றது. மறுவாரம் சில நூறு ரூபாய்க்கு, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் மாதத்தின் முதல் சனிக்கிழமை பதினொரு கிணறு, குட்டைகளில் அளந்து ஒரு நீள நோட்டில் எழுதி வருகிறார்கள். தேதி, அளவு, எத்தனை அடியில் தண்ணீர், அந்த வாரம் மழை பெய்ததா, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது. இறால் குட்டைப் பக்கம் மூன்று கிணறு, கடலோரம் நாலு, உள்ளே தள்ளி நாலு. இன்னும் ஒரு முழு வருஷம் ஆகவில்லை, அதனால் இதை வைத்து நாங்கள் எதையும் சொல்லப்போவதில்லை. பிள்ளைகள் அளப்பதில் பிழையும் இருக்கும். அதைப் பார்த்து எது சரி, எது தப்பு, இன்னும் எங்கே அளக்க வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

உங்களில் யாராவது வருகிற வைகாசியில் வாருங்கள். தடைக்காலமாக இருக்கும், பள்ளிக்கூடமும் லீவு, வகுப்பறையைத் திறந்து தரத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். முந்நூறு பேர் உட்கார வேப்பமரத்தடி இருக்கிறது. மைக் செட் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். சாயங்காலம் நாலரைக்கு ஆரம்பிக்கலாம், வெயில் தாழ்ந்துவிடும். திரை வேண்டாம், கரும்பலகை போதும். முதல் கேள்வி சித்தியுடையது. பாட்டிலோடு முன்வரிசையில் இருப்பார்.

அன்புடன்,
வேதாரண்யம் வட்டாரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்